முதுமையும் உடலுரமும்

முதியோரைப் போற்றுதல் தமிழ் மக்களின் தொன்றுதொட்ட பண்பு. பெரியவர் ஒருவர் வந்தால் இளையவர் எழுந்து இடம் தருவர். அவர் கையில் பை இருந்தால் ஓடிச்சென்று வாங்கிக்கொள்வர். அவர் தண்ணீர் கேட்பதற்கு முன்பே செம்பை நீட்டுவர். இவையெல்லாம் அன்பின் அடையாளங்கள். இவற்றைக் குறை கூறுவார் எவரும் இலர். ஆயினும், அன்பினால் செய்யும் செயல்கள் யாவும் நன்மையே தரும் என்று கூறிவிட இயலாது. செடியின்மேல் அன்புகொண்டு அளவின்றி நீர் ஊற்றினால் அதன் வேர் அழுகிவிடும். அதுபோலவே, முதியவர் ஒருவரை எந்த வேலையும் செய்யவிடாமல் நாள் முழுவதும் நாற்காலியில் அமர்த்தி வைத்தால் அவர் உடல் தளர்ந்துவிடும்.

குருதியழுத்தம் மிகுந்திருக்கிறது என்று மருத்துவர் கூறிவிட்டால் இவ்வன்பு இன்னும் பெருகுகிறது. “குடத்தைத் தொடாதீர்கள், பாட்டி” என்று பேத்தி தடுப்பாள். “படி ஏறாதீர்கள், தாத்தா” என்று பேரன் தடுப்பான். மகன் ஒருபுறமும் மருமகள் ஒருபுறமும் நின்று, அவர் எழுந்தால் அமர்த்துவர். ஓய்வே மருந்து என்னும் எண்ணம் வீடெங்கும் பரவிவிடுகிறது. இவ்வெண்ணம் நல்ல உள்ளத்தில் பிறந்ததே; எனினும் சரியான எண்ணம் அன்று. முறையோடும் அளவோடும் செய்யப்படும் தசைப்பயிற்சி, முதியோரின் குருதியழுத்தத்தைத் தணிக்கும் துணைகளுள் ஒன்றாகும். பிறர் கையை எதிர்பாராமல் எழவும் நடக்கவும் வேண்டிய உரத்தைத் தருவதும் அதுவே. இவ்வுண்மையை முதியோர் மட்டும் அறிந்தால் போதாது. அவர்களுடன் வாழும் இளையோரும் அறிந்திருத்தல் வேண்டும்.

குருதியழுத்தம் என்பது யாது? இதயம் சுருங்கும்போது குருதியைத் தமனிகளுக்குள் தள்ளுகிறது. அக்குருதி தமனிகளின் சுவரில் மோதி அழுத்துகிறது. இதயம் விரியும்போது அவ்வழுத்தம் குறைகிறது. ஆனால், அறவே நீங்கிவிடுவதில்லை. சுருங்கும்போது உள்ள அழுத்தத்தை மேல் எண்ணாகவும், விரியும்போது உள்ள அழுத்தத்தைக் கீழ் எண்ணாகவும் மருத்துவர் குறிக்கின்றனர்.

இவ்வழுத்தத்தை முதன்முதலில் நேராக அளந்து காட்டியவர் இங்கிலாந்து நாட்டுச் சமயகுருவாகிய ஸ்டீபன் ஹேல்ஸ் என்பவர். அவர் ஒரு குதிரையின் தமனியில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். குருதி அக்குழாயில் எட்டடிக்கு மேல் உயர்ந்து நின்றது. இச்செய்தியை 1733-ஆம் ஆண்டில் அவர் நூலாக வெளியிட்டார். ஆனால், அம்முறை நோயாளிக்குப் பயன்படுமா? 1896-ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி, மேற்கையில் காற்றுப்பட்டையைச் சுற்றிப் பாதரசத்தின் உயர்வால் அழுத்தத்தை அளக்கும் கருவியை அமைத்தார். 1905-ஆம் ஆண்டில் உருசிய மருத்துவர் நிக்கொலாய் கொரொட்கோவ், அப்பட்டையின் கீழே தமனியில் எழும் ஒலியைக் கேட்டு இரண்டு எண்களையும் அறியும் முறையைக் கண்டார். இன்று மின்கலத்தால் இயங்கும் சிறு கருவிகள் வீடுகளுக்கும் வந்துவிட்டன. எனினும், அளவை இன்றும் பாதரசத்தின் மில்லிமீட்டர் கணக்கிலேயே கூறுகின்றனர்.

மேல் எண் 120-க்கும் கீழ் எண் 80-க்கும் குறைவாக இருத்தல் நலம். வெவ்வேறு நாள்களில் அளந்து பார்த்தபோது மேல் எண் 140 ஆகவோ அதற்கு மேலாகவோ, கீழ் எண் 90 ஆகவோ அதற்கு மேலாகவோ இருந்தால், அதனை உயர் குருதியழுத்தம் என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. மக்கள் இதனை ‘இரத்தக் கொதிப்பு’ என்று அழைப்பர். இப்பெயர் தவறான எண்ணத்தைத் தருவது. உண்மையில் குருதி கொதிப்பதும் இல்லை. அதனை உடையவர் எப்போதும் சினம் கொள்பவரும் அல்லர். பெரும்பாலோர்க்கு எவ்வகை அறிகுறியும் தோன்றுவதில்லை. அந்நோய் ஓசையின்றி இருந்து, இதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் பல்லாண்டு வருத்தும். உலகில் 30 முதல் 79 வயது வரையுள்ள மக்களுள் ஏறத்தாழ 128 கோடிப் பேர் இந்நோய் உடையவர் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. அவர்களுள் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர் என்பதும் அம்மதிப்பீட்டால் தெரியவந்தது.

முதுமையில் இந்நோய் மிகுதியாகக் காணப்படுவதற்குக் காரணம் உண்டு. இளமையில் தமனிகள் நெகிழ்ச்சியுடையவை. குருதி பாயும்போது அவை சற்று விரிந்து இடம் கொடுக்கும். ஆண்டுகள் செல்லச்செல்ல அவற்றின் சுவர் விறைப்படைகிறது. விரிந்து கொடுக்காத குழாயில் அழுத்தம் உயர்தல் இயல்பு. ஆதலின், முதியோரிடம் மேல் எண் மிகுதியாக உயர்ந்து காணப்படுகிறது.

தமனியில் நிகழும் இம்மாறுதலைப் பலர் அறிவர். அதனோடு உடன்நிகழும் மற்றொரு மாறுதலை அறிந்தவர் சிலரே. அது தசையின் தேய்வு ஆகும். முப்பது வயதைக் கடந்தபின், பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கிட்டால், தசையில் நூற்றுக்கு 3 முதல் 8 பங்கு வரை குறைகிறது என்பர். அறுபதுக்குப் பின் அத்தேய்வு இன்னும் விரைவுபடும். பயன்படுத்தப்படாத தசை மேலும் விரைந்து தேயும். உழாத நிலத்தில் களை மண்டுவது போல, உழைக்காத தசை இருந்த இடத்தில் கொழுப்புச் சேரும்.

தசை தேய்ந்தால் குருதியழுத்தத்திற்கு என்ன தொடர்பு? ஒரு சிறு கணக்கால் இதனை விளக்கலாம். ஒருவர் தம் கையால் 10 கிலோகிராம் வரை தூக்க வல்லவர் என்று கொள்க. அவர் 2 கிலோகிராம் எடையுள்ள பையைத் தூக்கும்போது தம் வலிமையில் ஐந்தில் ஒரு பங்கையே செலவிடுகிறார். அவர் வலிமை 4 கிலோகிராம் அளவுக்குக் குறைந்துவிட்டால், அதே பைக்குத் தம் வலிமையில் பாதியைச் செலவிட வேண்டும். பை மாறவில்லை, தூக்குபவர் மாறிவிட்டார். முயற்சி எவ்வளவு மிகுதியோ அவ்வளவுக்கு நாடித்துடிப்பும் குருதியழுத்தமும் அந்நேரத்தில் உயரும். இளைஞனுக்கு விளையாட்டாகத் தோன்றும் மாடிப்படி, தசை தேய்ந்த முதியவரின் இதயத்திற்கு மலையாகிவிடுவது இதனால்தான். அவர் தசைக்கு உரம் ஊட்டினால் அம்மலை மீண்டும் படியாகும். ஆகவே, உரம் பெறுதல் என்பது இதயத்தின் சுமையைக் கூட்டுவது அன்று. நாள்தோறும் அதன்மேல் விழும் சுமையைக் குறைப்பதே ஆகும்.

இவ்வாறு இருக்க, குருதியழுத்தம் உடையவர் பளு தூக்கலாகாது என்னும் அச்சம் எவ்வாறு தோன்றியது? அவ்வச்சம் முற்றிலும் பொய்யன்று. கானடா நாட்டு மக்மாஸ்டர் பல்கலைக்கழக அறிஞர் சிலர் 1985-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உடற்கட்டில் தேர்ந்த இளைஞர் சிலர், தம்மால் இயன்ற பேரெடையைக் கால்களால் தள்ளினர். அப்போது அவர்களின் தமனிக்குள்ளேயே அழுத்தம் அளக்கப்பட்டது. மேல் எண் சராசரியாக 320 அளவுக்கும், கீழ் எண் 250 அளவுக்கும் உயர்ந்தது. ஒருவருக்கு மேல் எண் 480-ஐக் கடந்தது. இவை ஒரு சில நொடிகளே நின்ற உயர்வுகள். ஆயினும், கேட்போர் உள்ளம் திடுக்கிடும் அன்றோ?

இவ்வுயர்வுக்கு உரிய காரணங்களைப் பிரித்து அறிதல் வேண்டும். முதலாவது, அவர்கள் எடுத்துக்கொண்ட எடை அவர்களின் வலிமைக்கு எல்லையாக இருந்தது. இரண்டாவது, அவர்கள் இனி இயலாது என்னும் நிலை வரையில் விடாது தள்ளினர். மூன்றாவது, பேரெடையைத் தள்ளுவோர் தம்மை அறியாமல் மூச்சை அடக்கி முக்குவர். மூச்சை அடக்கினால் நெஞ்சுக்குள் அழுத்தம் மிகும். அது குருதியழுத்தத்தையும் உடன் உயர்த்தும். இங்ஙனம் முக்குதலின் இயல்பை விளக்கிய இத்தாலிய உடற்கூற்று அறிஞர் வால்சால்வா என்பவரின் பெயராலேயே மருத்துவர் இச்செயலை இன்றும் அழைக்கின்றனர். எனவே, அஞ்சத்தக்கவை மூன்று: அளவு மீறிய எடை, ஓய்வற்ற முயற்சி, அடக்கிய மூச்சு. இம்மூன்றையும் விலக்கிவிட்டால் எஞ்சி நிற்பது நன்மையே. நெருப்புச் சுடும் என்பதற்காக அடுப்பு மூட்டாமல் இருப்பார் இல்லை. சுடாமல் சமைக்கும் முறையைக் கற்றுக்கொள்வதே அறிவுடைமை.

“தொண்ணூறு வயதில் தசை வளருமா? பட்ட மரம் தளிர்க்குமா?” என்று சிலர் வினவலாம். இவ்வினாவுக்கு விடை அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரிலிருந்து கிடைத்தது. அந்நகரின் முதியோர் இல்லம் ஒன்றில், மேரியா ஃபியட்டரோன் என்னும் மருத்துவ அம்மையாரும் அவருடைய துணைவரும் ஓர் ஆய்வை நடத்தி, 1990-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதில் கலந்துகொண்டவர் பத்துப் பேர், தொண்ணூறு வயதை ஒட்டியவர், உடல் நலிந்தவர். அவர்கள் மருத்துவரின் கண்காணிப்பில் கால்தசைகளுக்குப் பளுப்பயிற்சி செய்தனர். பயிற்சி எட்டு வாரம் நடந்தது. ஒன்பதின்மர் இறுதிவரை நின்றனர். அவர்களின் கால்வலிமை சராசரியாக நூற்றுக்கு 174 பங்கு உயர்ந்தது. தொடைத்தசையின் பரப்பு நூற்றுக்கு 9 பங்கு கூடியது. கைத்தடியின்றி நடக்க இயலாதிருந்த இருவர் அதனைக் கைவிட்டு நடந்தனர்.

அவ்வாய்வு மற்றோர் உண்மையையும் காட்டியது. பயிற்சியை நிறுத்திய நான்கே வாரங்களில், பெற்ற வலிமையில் ஒரு பகுதி மறைந்துவிட்டது. உரம் என்பது ஒருநாள் ஈட்டிப் பெட்டியில் பூட்டி வைக்கும் பொருள் அன்று; நாளும் புழங்கினால் நிற்கும், புழங்காவிடில் போய்விடும்.

அதே அறிஞர் குழு 1994-ஆம் ஆண்டில் நூறு முதியவரைக்கொண்டு மேலும் ஓர் ஆய்வை வெளியிட்டது. அவர்களின் சராசரி வயது 87. சிலர்க்குப் பயிற்சி மட்டும் தரப்பட்டது. சிலர்க்குச் சத்துணவு மட்டும் தரப்பட்டது. சிலர்க்கு இரண்டும் தரப்பட்டன. சிலர்க்கு இரண்டும் இல்லை. பத்து வாரங்களின் முடிவில் பயிற்சி செய்தவரின் தசைவலிமை இரு மடங்குக்கு மேல் ஆயிற்று. அவர்கள் முன்னிலும் விரைந்து நடந்தனர். படியை எளிதில் ஏறினர். சத்துணவு மட்டும் உண்டவரின் நலிவு நீங்கவில்லை. முதியவர்க்குப் பாலும் பழமும் தந்து அமர்த்தி வைத்தால் போதும் என்று எண்ணுவோர் இவ்வாய்வைச் சிந்தித்தல் நன்று. உணவு வேண்டும், உணவைத் தசையாக மாற்றும் உழைப்பும் வேண்டும்.

இவ்விரண்டு ஆய்வுகளும் வலிமையைப் பற்றியவை. குருதியழுத்தத்தைப் பற்றியும் சான்று உண்டு. பல்வேறு நாடுகளில் நடந்த 270 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த ஒரு கட்டுரை 2023-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு விளையாட்டு மருத்துவ இதழில் வெளிவந்தது. அவ்வாய்வுகளில் பல வயதினருமாக 15,827 பேர் கலந்துகொண்டிருந்தனர். நடை, ஓட்டம் போன்ற பயிற்சிகளால் மேல் எண் ஏறத்தாழ 4.5 மில்லிமீட்டர் குறைந்தது. தசைப்பயிற்சியாலும் ஏறத்தாழ அதே 4.5 மில்லிமீட்டர் குறைந்தது. இருவகைப் பயிற்சியையும் சேர்த்துச் செய்தபோது 6 மில்லிமீட்டர் குறைந்தது. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் இருப்பதுபோல் முழங்காலை மடக்கி அசையாது நிற்றல் முதலிய நிலைப்பயிற்சிகளால் 8 மில்லிமீட்டருக்கு மேலும் குறைந்தது.

4 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டர் என்பன சிறிய எண்களாகத் தோன்றலாம். மருந்துகளைப் பற்றிய 48 ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரை ஒன்று 2021-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மேல் எண் 5 மில்லிமீட்டர் குறைந்தால், மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெருங்கேடுகள் பத்தில் ஒரு பங்கு குறைகின்றன என்று அக்கட்டுரை காட்டியது. சிறிய எண் என்று இகழப்படுவது, ஒரு குடும்பத்தின் மூத்தவரைப் படுக்கையில் வீழாமல் காக்கும் எண்ணாகவும் இருக்கலாம்.

பயிற்சியால் அழுத்தம் தணிவதற்குரிய வழிகளுள் ஒன்றை இங்கே கூறுதல் பொருத்தம். தசை உழைக்கும்போது அதற்குக் குருதி மிகுதியாக வேண்டும். தமனியின் உட்சுவர் அப்போது நைட்ரிக் ஆக்சைடு என்னும் பொருளைச் சுரக்கிறது. அது தமனியைத் தளர்த்தி விரியச் செய்கிறது. இப்பொருளின் செயலைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய அமெரிக்க அறிஞர் மூவர்க்கு 1998-ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. தொடர்ந்து பயிற்சி செய்வோரின் தமனிகள் இவ்வாறு தளரும் பழக்கத்தை நன்கு பெறுகின்றன. மேலும், உரமுள்ள தசை குருதியில் உள்ள சர்க்கரையையும் நன்கு பயன்கொள்ளும். குருதியழுத்தமும் நீரிழிவும் ஒருங்கே உடைய முதியோர்க்கு இஃது இரட்டை நன்மையன்றோ?

இனி, இக்கருத்தை மறுப்போர் கூறும் காரணங்கள் சிலவற்றை ஆராய்தல் வேண்டும்.

“நாள்தோறும் நடக்கிறேன், அது போதாதா?” என்பர் சிலர். நடை மிக நல்ல பழக்கம். அதனைக் கைவிடுதல் கூடாது. ஆனால், நடை கைக்கும் தோளுக்கும் முதுகுக்கும் உரம் தருவது குறைவு. தரையிலிருந்து எழுவதற்கு வேண்டிய தொடைவலிமையையும் அது முழுதாகத் தருவதில்லை. இதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறையில், முதியோர்க்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை நடை போன்ற பயிற்சியையும், வாரத்தில் இரண்டு நாளேனும் தசைப்பயிற்சியையும், மூன்று நாளேனும் உடல் தடுமாறாமல் நிற்கும் பயிற்சியையும் கூறியிருக்கிறது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்று அன்று.

“வீட்டு வேலையே பயிற்சிதானே?” என்பர் வேறு சிலர். ஒரு காலத்தில் இக்கூற்று ஓரளவு பொருந்தியது. ஆட்டுக்கல்லில் மாவரைத்தல், அம்மியில் மசாலை அரைத்தல், உரலில் நெல் குத்துதல், கிணற்றில் நீர் இறைத்தல் ஆகியவை கைக்கும் தோளுக்கும் இடுப்புக்கும் வேலை தந்தன. இன்று மாவரைப்பது கிரைண்டர். சட்னி அரைப்பது மிக்சி. நீர் ஏற்றுவது மோட்டார். பெண்டிரின் பெருஞ்சுமையை இவை இறக்கி வைத்தன. அதனால் விளைந்த நன்மை பெரிது. அம்மியைத் தூக்கி மீண்டும் சமையலறையில் வைக்குமாறு எவரும் கூறவேண்டா. ஆனால், அவ்வேலைகளோடு சேர்ந்து போய்விட்ட உரத்தைத் தனியே தேடிக்கொள்ளுதல் இன்றியமையாதது.

வயலிலும் கட்டட வேலையிலும் இன்றும் உழைக்கும் முதியவர் பலர் உள்ளனர். தலையில் செங்கல் சுமக்கும் மூதாட்டியிடம் சென்று, “பளு தூக்குங்கள்” என்று கூறுவது பேதைமை. அவருடைய உழைப்புக்கு அளவை வகுப்பது கூலி. பயிற்சிக்கு அளவை வகுப்பது உடல். உழைப்பில் இளைப்பாற நினைத்தாலும் இயலாது. பயிற்சியில் இளைப்பாறுதலும் ஒரு பகுதி. அத்தகையோர்க்கு முதலில் வேண்டுவன ஓய்வும், மருத்துவச் சோதனையும், நேரத்தில் கிடைக்கும் மருந்துமே ஆகும். எல்லார்க்கும் ஒரே அறிவுரை பொருந்தாது என்பதை இங்கே உணர்தல் வேண்டும்.

“மருந்து உண்கிறேன், பயிற்சி எதற்கு?” என்பர் மற்றும் சிலர். “பயிற்சி செய்கிறேன், மருந்து எதற்கு?” என்பாரும் உளர். இவ்விருவர் கூற்றும் பிழையானவை. மருந்து மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்கும். அது வழுக்கி விழாமல் தாங்கும் காலைத் தராது. பயிற்சி காலுக்கு உரம் தரும். மருந்தின் வேலையை முழுதும் செய்யாது. மருத்துவர் கூறாமல் மாத்திரையைக் குறைத்தலும் நிறுத்தலும் தீங்கு பயக்கும். உணவில் உப்பைக் குறைத்தலும் புகையிலையை விலக்கலும் இவ்விரண்டோடும் சேர்ந்து நடைபெற வேண்டியவை.

இனி, பயிற்சியின் முறையைக் காண்போர்க்கு அதன் எளிமை வியப்பூட்டும். பண்டைக் கிரேக்க நாட்டில் மைலோ என்னும் மல்லன் வாழ்ந்தான். அவன் ஒரு கன்றைப் பிறந்த நாள்முதல் நாள்தோறும் தூக்கினான் என்றும், கன்று வளரவளர அவன் வலிமையும் வளர்ந்து, இறுதியில் காளையையே சுமந்தான் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும் அதன் கருத்து உண்மையானது. சுமையைச் சிறிதுசிறிதாகக் கூட்டினால் உடலும் அதற்கேற்பத் தேறும். தமிழ்நாட்டின் தென்மாவட்டச் சிற்றூர்களில் இளவட்டக்கல் கிடப்பதைக் காணலாம். அக்கல்லை ஒரே மூச்சில் தூக்கித் தோளுக்குப் பின்னே எறிபவன் வீரன் எனப்பட்டான். அது வலிமையைச் சோதிக்கும் கல். வலிமையை வளர்க்கும் முறை அன்று. முதியோர்க்கு வேண்டுவது மைலோவின் கன்று, இளவட்டக்கல் அன்று.

அசையாத நாற்காலி ஒன்றைச் சுவரோரம் இட்டு, அதிலிருந்து எழுந்து நின்று மெல்ல அமர்தல் ஒரு பயிற்சி. சுவரில் இரு கைகளையும் ஊன்றி, முழங்கையை மடக்கி மார்பைச் சுவரருகே கொணர்ந்து பின் தள்ளுதல் மற்றொன்று. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தித் தாழ்த்துதல் மூன்றாவது. அரை லிட்டர் நீர் நிறைந்த குப்பி ஏறத்தாழ அரைக் கிலோகிராம் எடையுடையது. கைக்கு ஒன்றாக அதனைப் பிடித்து மடக்கி நீட்டுதல் நான்காவது. ஒவ்வொன்றையும் பத்து முதல் பதினைந்து முறை வரை செய்யலாம். இடையே இரண்டு நிமிடம் இளைப்பாறலாம். பதினைந்து முறையும் எளிதாகிவிட்ட பிறகே எடையைச் சிறிது கூட்டவேண்டும். வாரத்தில் இரண்டு நாள் போதும். அவ்விரு நாள்களுக்கு இடையில் ஒரு நாளேனும் தசைக்கு ஓய்வு வேண்டும். ஏனெனில், தசை வளர்வது தூக்கும்போது அன்று, தூக்கியபின் ஓய்ந்திருக்கும்போது.

யாவற்றினும் தலையாய விதி மூச்சைப் பற்றியது. எழும்போதும் தள்ளும்போதும் தூக்கும்போதும் மூச்சை வெளியே விடவேண்டும். திரும்பும்போது உள்ளே இழுக்கவேண்டும். எந்நிலையிலும் அடக்குதல் கூடாது. இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று என வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தல் வேண்டும். வாய்விட்டு எண்ணுபவர் மூச்சை அடக்க இயலாது. எண்ண இயலாதபடி இளைத்தால் பயிற்சி மிகுந்துவிட்டது என்று அறிந்து நிறுத்திவிடலாம்.

தொடங்குவதற்கு முன் மருத்துவரைக் கலந்துகொள்ளுதல் கட்டாயம். மேல் எண் 180-க்கு மேலாகவோ, கீழ் எண் 110-க்கு மேலாகவோ இருப்பவர் முதலில் அதனை மருந்தால் தணித்தல் வேண்டும். அதற்குமுன் பளுப்பயிற்சி கூடாது. நெஞ்சுவலியோ, மூச்சுத்திணறலோ, தலைசுற்றலோ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி நாடவேண்டும். குருதியழுத்த மருந்து உண்போர் சிலர்க்கு விரைந்து எழுந்தால் தலை சுற்றும். ஆதலின் அவர்கள் மெல்ல எழுதல் நன்று. இவ்வெச்சரிக்கைகள் பயிற்சியைத் தடுப்பதற்கு உரியன அல்ல. பயிற்சியைக் காப்பதற்கு உரியன.

தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 5-ஆம் நாள், கிருட்டிணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி என்னும் ஊரில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. நலப்பணியாளர் வீடுதோறும் சென்று குருதியழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதித்தலும், மாத்திரைகளை வீட்டிலேயே வழங்குதலும் இதன் நோக்கம். இயன்முறை மருத்துவமும் இதன் ஒரு கூறு. மருந்து வீடு தேடி வருவது போல உடலுரத்தைப் பற்றிய அறிவும் வீடு தேடி வரவேண்டும். ஊர்ப் பூங்காக்களிலும் பள்ளித் திடல்களிலும் முதியோர்க்கென்று காலையிலோ மாலையிலோ ஒரு நேரம் ஒதுக்கி, பயிற்சி அறிந்தவர் ஒருவர் நெறிப்படுத்தினால் செலவு மிகாது. தனியே செய்ய நாணும் முதியவர், தம் வயதினர் நால்வரோடு சேர்ந்தால் நாணார்.

இதில் மாணவர்க்கும் பங்கு உண்டு. பாட்டியின் கையிலிருந்து நீர்க்குடத்தைப் பிடுங்குவது எளிது. மருத்துவர் இசைவு பெற்றபின், வாரத்தில் இரண்டு நாள் அவர் அருகே நின்று, அவர் நாற்காலியிலிருந்து எழும்போதெல்லாம் உடன் எண்ணுவது அதனினும் அரிய தொண்டு. விழுந்துவிடுவோமோ என்னும் அச்சமே முதியோரைப் பெரிதும் முடக்குகிறது. பக்கத்தில் ஓர் இளங்கை இருக்கிறது என்னும் துணிவு அவ்வச்சத்தைப் போக்கும். ஆனால், அந்தக் கை அருகில் இருந்தால் போதும். அவர் தாமே எழ இயலும்போது தூக்கிவிடுதல் கூடாது.

முதுமை வருவதைத் தடுப்பார் இல்லை. முதுமையோடு தளர்ச்சியும் முழுதாக வந்தே தீரும் என்பது மட்டும் உண்மையன்று. தம் செம்பில் தாமே நீர் மொண்டு குடித்தல், தம் வீட்டுப் படியில் தாமே ஏறி இறங்குதல், கோயிலுக்கோ கடைத்தெருவுக்கோ தம் காலால் சென்று வருதல் ஆகியவை இளையோர்க்கு மிகச் சிறிய செயல்கள். முதியோர்க்கு இவையே உரிமையும் மானமும் ஆகும். முதியோரைப் போற்றுவோர் அவர்களுக்கு இடம் தருவதோடு நில்லாமல், அவ்விடத்திலிருந்து தாமே எழுந்து நிற்கும் உரத்தையும் பெறத் துணைசெய்தல் வேண்டும்.